தோணிக்குக் கண்ணாடியிழைப் போர்வை: இருவர் கூடிச் செய்யும் வேலை

மரத்தால் தோணி செய்தோர்க்கு எக்காலத்தும் இரண்டு பகைகள் இருந்து வந்துள்ளன. ஒன்று, மூட்டுகளின் வழியே உள்ளே கசியும் நீர். மற்றொன்று, மரத்தையே உணவாகக் கொள்ளும் பூஞ்சையும் கடற்புழுவும். இவற்றைத் தடுக்க நம் முன்னோர் எண்ணெயும் கீலும் பூசினர். மூட்டுகளில் நாரையும் பஞ்சையும் திணித்தனர். அவ்வாறு திணித்து அடைப்பதைக் கலப்பற்று என்பர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வரிசையில் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. கண்ணாடியை நூலாக இழுத்து, அந்நூலைத் துணியாக நெய்து, அத்துணியைப் பிசினால் மரத்தின்மேல் ஒட்டிவிடும் முறையே அது.

இம்முறை வந்த பிறகு, தச்சுத் தொழிலை முறையாகக் கல்லாதவரும் வீட்டிலேயே தோணி கட்டலாம் என்னும் நிலை பிறந்தது. மேலைநாடுகளில் பல்லாயிரம் குடும்பங்கள் அவ்வாறு கட்டியுள்ளன. பலகை அறுத்தல், இணைத்தல், இழைத்தல் ஆகிய மற்ற வேலைகளை ஒருவரே தம் ஓய்வுநேரத்தில் சிறிது சிறிதாகச் செய்து கொள்ளலாம். ஆனால் தோணியின் அடியுடலுக்குக் கண்ணாடியிழைப் போர்வை போர்த்தும் அந்த ஒருநாள் வேலை மட்டும் இருவர் கைகளைக் கேட்கிறது. வீட்டில் கட்டும் தோணிக்குப் பெரும்பாலும் அவ்விருவர் கணவனும் மனைவியுமே. ஏன் இருவர் வேண்டும், அவர்கள் வேலையை எவ்வாறு பங்கிட்டுக் கொள்ளல் வேண்டும், தவறினால் கெடுவது யாது என்பவற்றை இங்கே காண்போம். இயற்பியலும் வேதியியலும் கணக்கும் இவ்வேலையில் கலந்திருப்பதால் வகுப்பறைக்கும் இச்செய்திகள் பயன்படும்.

தைத்த தோணிகள்

பலகைகளைத் தைத்துத் தோணி செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையில், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து சென்றுவந்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணியடித்த படகு அலையில் மோதும்போது விறைத்து நின்று உடையும். தைத்த படகோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும்.

இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்பார் சிறு தோணிகளுக்கு வேறொரு தையல்முறையைக் கண்டார். ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் பிணைத்து, மூட்டின்மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டுவது அவர் முறை. தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைக் கற்பித்துப் புகழ்பெற்ற பாரி பக்னெல் அதனைப் பாய்த்தோணிக்குப் பயன்படுத்த முனைந்தார். ஜாக் ஹோல்ட் என்னும் வடிவமைப்பாளர் அதற்கேற்ற உருவம் வரைந்தார். 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த அத்தோணிக்கு மிரர் என்பதே பெயராயிற்று. அதன் நீளம் 3.3 மீட்டர்; எடை ஏறத்தாழ 45 கிலோ. இதுவரை 70,000க்கு மேற்பட்ட மிரர் தோணிகள் கட்டப்பட்டுள்ளன.

மசூலாவின் தையலுக்கும் மிரரின் தையலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மசூலாவில் கயிறே படகைத் தாங்கி நிற்கிறது. மிரரில் கம்பி, தையற்காரர் முதலில் ஓட்டிவிட்டுப் பின்னர்ப் பிரித்துவிடும் நூலைப் போன்றது. பிசின் இறுகிய பிறகு கம்பிக்கு வேலை இல்லை.

மிரர் தோணியில் மூட்டுகளுக்கு மட்டுமே நாடா ஒட்டினர். மரம் முழுவதையும் பிசினால் மூடிவிட வேண்டும் என்னும் கருத்தைப் பின்னர்ப் பரப்பியவர்களுள் முதன்மையானவர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டியில் 1969ஆம் ஆண்டு தொழில் தொடங்கிய கூஜன் உடன்பிறந்தார் ஆவர். மரத்தின் ஈரத்தை 20 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தால் அதில் பூஞ்சை வளராது. ஆகவே நீர் உள்ளே புகாதபடி எல்லாப் பக்கமும் மூடிவிட்டால் மரம் நெடுங்காலம் நிற்கும் என்பது அவர்தம் கொள்கை. இன்று தைத்து ஒட்டும் முறையில் கட்டுவோர் பலர் அடியுடல் முழுவதற்கும் துணி போர்த்தி விடுகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா மரப்படகுகளுக்கும் இப்போர்வை பொருந்தாது. திரங்கானுவின் பூலாவ் டூயோங் தீவில் செங்கால் மரப் பலகைகளை மரமுளைகளால் இணைத்து, இடையே கெலாம் மரப்பட்டையை வைத்துக் கட்டும் படகுகள் புகழ்பெற்றவை. அத்தகைய படகில் பலகைகள் நீரில் ஊறி வீங்கும், வெயிலில் சுருங்கும். அந்த வீக்கமே மூட்டுகளை அடைக்கிறது. அதன்மேல் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை ஒட்டினால், மரத்தின் அசைவு அதனைக் கிழித்துவிடும். கிழிந்த இடத்தில் புகும் நீர் வெளியேற வழியின்றி மரத்தை அழுகச் செய்யும். ஒட்டுப்பலகையிலோ மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டப்பட்டுள்ளன. ஒரு தகட்டின் அசைவை மற்றொன்று தடுப்பதால் அது மிகக் குறைவாகவே வீங்குகிறது. போர்வை அதன்மேல் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

உடையும் கண்ணாடி வலிமை பெற்றது எப்படி?

கீழே விழுந்தால் நொறுங்கும் கண்ணாடி, பாறையில் உரசும் தோணிக்குக் காப்பாவது எங்ஙனம் என மாணவர் வினவுவர். வினா நியாயமானதே. ஆங்கிலேய அறிஞர் கிரிபித் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. கண்ணாடி இயல்பாகவே வலிமை மிக்கது. ஆனால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் உள்ளன. இழுக்கும் விசை அக்கீறலின் முனையில் குவிந்து அதனைப் பிளந்து செல்கிறது. கண்ணாடியை மெல்லிய நூலாக இழுத்துவிட்டால் அதில் பெரிய கீறலுக்கு இடமில்லை. நூல் மெலிய மெலிய, அதன் பருமனுக்கு உரிய வலிமை கூடுகிறது என்று அவர் அளந்து காட்டினார்.

அத்தகைய நூலைப் பெருமளவில் செய்யும் வழி ஓரளவு தற்செயலாகவே கிடைத்தது. 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்னும் இளம் ஆய்வாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்ட முயன்றபோது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு அதனை மெல்லிய இழைகளாகச் சிதறச் செய்தது. 1938ஆம் ஆண்டு இத்தொழிலுக்கெனவே ஓவன்ஸ் கார்னிங் என்னும் நிறுவனம் தோன்றியது. ஒகையோ மாநிலத்து ரே கிரீன் 1942ஆம் ஆண்டு கண்ணாடியிழையும் பாலியெஸ்டர்ப் பிசினும் கொண்டு ஒரு பாய்த்தோணி செய்தார். தோணிக்குப் பயன்படும் துணியின் ஓர் இழை, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு பருமனே உடையது.

இழை இழுவிசையைத் தாங்கும்; ஆனால் தனித்து நின்றால் துவளும். பிசின் வளையாமல் நிற்கும். ஆனால் தனித்து நின்றால் விரிசல் விடும். இரண்டும் சேரும்போது பிசின் இழைகளைத் தத்தம் இடத்தில் நிறுத்துகிறது. இழைகள் விரிசலைப் பரவவிடாமல் தடுக்கின்றன. களிமண்ணோடு வைக்கோல் சேர்த்துச் சுவர் எழுப்பியவர்கள் இவ்வுண்மையை அறிந்தே இருந்தனர்.

பிசினும் கெட்டியாக்கியும்

பிசின் நீர்மமாக இருந்து திண்மமாக மாறுவதை விளக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. பால்மரத்துப் பாலில் பார்மிக் அமிலம் சேர்த்தால் அது உறைகிறது. எனினும் அவ்வுறைவு முழு ஒப்புமை ஆகாது. அமிலம், பாலில் மிதக்கும் ரப்பர்த் துளிகளை ஒன்றோடொன்று சேரச் செய்கிறதேயன்றி, ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைப் பிணைப்பதில்லை. 1839ஆம் ஆண்டு சார்லஸ் குட்இயர் கண்டறிந்த கந்தகச் சூட்டு முறையே சரியான ஒப்புமை. அதில் கந்தகம் நீண்ட சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் அமைக்கிறது. அதன்பின் ரப்பர் வெயிலில் இளகுவதில்லை. பிசினிலும் நடப்பது இத்தகைய பாலம் அமைத்தலே. ஒருமுறை இறுகிய பிசினை மீண்டும் உருக்கி நீர்மமாக்க இயலாது.

தோணிக்கு இருவகைப் பிசின்கள் பயன்படுகின்றன. முதலாவது பாலியெஸ்டர். இதற்கு 100 பங்கு பிசினுக்கு 1 அல்லது 2 பங்கு ஊக்கி போதும். ஊக்கி வேலையைத் தொடங்கி வைக்கிறது. பிணைப்புகள் பிசினுக்குள்ளேயே அமைகின்றன. ஊக்கியை ஓரளவு கூட்டினால் விரைவாகவும், குறைத்தால் மெதுவாகவும் இறுகும். இரண்டாவது எப்பாக்சி. சுவிட்சர்லாந்தில் 1946ஆம் ஆண்டு அரால்டைட் என்னும் பெயரால் கடைக்கு வந்த பசை இவ்வகையினதே. மரத்தை இறுகப் பற்றுவதில் இது பாலியெஸ்டரை வெல்லும். ஆகவே மரத்தோணிக்கு இதுவே சிறந்தது.

எப்பாக்சியில் கெட்டியாக்கி வெறும் ஊக்கி அன்று, அது சமபங்காளி. பிசின் மூலக்கூறின் முனைகளில் சிறு வளையங்கள் உள்ளன. கெட்டியாக்கியில் உள்ள, வினைபுரியக்கூடிய ஒவ்வோர் ஐட்ரசன் அணுவும் ஒவ்வொரு வளையத்தைத் திறந்து இணைகிறது. ஒன்றுக்கு ஒன்று என்பதே கணக்கு. கெட்டியாக்கி குறைந்தால் துணையற்ற வளையங்கள் எஞ்சும். மிகுந்தால் துணையற்ற கெட்டியாக்கி எஞ்சும். இரண்டிலும் போர்வை மென்மையாகவோ பிசுபிசுப்பாகவோ நின்றுவிடும். "சிறிது கூடுதலாக ஊற்றினால் விரைவில் காயும்" என்னும் எண்ணம் பாலியெஸ்டரில் பழகியவர்க்கு எளிதில் வரும். எப்பாக்சியில் அது வேலையைக் கெடுத்துவிடும். விரைவு வேண்டுமானால் விரைவுக் கெட்டியாக்கியையும், நம் நாட்டு வெப்பத்தில் நிதானம் வேண்டுமானால் மெதுக் கெட்டியாக்கியையும் வாங்குதல் வேண்டும், விகிதத்தை மாற்றலாகாது.

விகிதம், செய்வோரைப் பொறுத்து 5க்கு 1, 3க்கு 1, 2க்கு 1 எனப் பலவாறு இருக்கும். அது முகத்தல் அளவா, நிறுத்தல் அளவா என்பதையும் நோக்குதல் வேண்டும். கெட்டியாக்கி பிசினைவிட இலேசானது; ஆகையால் முகத்தலில் 2க்கு 1 என்பது நிறுத்தலில் 100க்கு 50 ஆகாது, அதனினும் குறையும். ஒன்றைப் படித்து மற்றொன்றால் அளந்தால் வேலை கெடும்.

கிண்ணத்தில் ஓடும் காலம்

கலந்த நொடியிலிருந்து வினை தொடங்கிவிடுகிறது. அவ்வினை வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுவிதி. ஆழமான கிண்ணத்தில் இருக்கும் பிசினிலிருந்து வெப்பம் வெளியேற வழியில்லை. ஆகவே அது சுட்டு, கெட்டியாகி, சில வேளை புகையும் எழுப்பும். அதே பிசினை மெல்லிய படலமாகப் பரப்பிவிட்டால் வெப்பம் காற்றிலும் மரத்திலும் கலைந்துபோகிறது. கிண்ணத்தில் கால்மணி நேரமே தாங்கிய பிசின், பரப்பிய நிலையில் அதனினும் பன்மடங்கு நேரம் நெகிழ்வாக இருக்கும். சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும், கலந்தவுடன் தட்டையான தட்டிலோ தோணியின் மேலோ ஊற்றிவிட வேண்டும் என்னும் இரு விதிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இப்பொழுது இருவர் ஏன் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, அடியுடலின் வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர் எனக் கொள்க. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி 1,200 கிராம் வேண்டும். துணியின் எடை அளவுக்குப் பிசின் செலவாகும். மரம் உறிஞ்சுவதையும் சேர்த்து 1,500 கிராம் என்க. ஒரு கிண்ணத்துக்கு 150 கிராம் வீதம் கலந்தால் 10 கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் அளந்து கலக்க 3 நிமிடமும், பரப்ப 7 நிமிடமும் ஆகும் எனக் கொண்டால், ஒருவர் தனியே செய்ய 100 நிமிடம். ஒருவர் பரப்பும்போதே மற்றவர் அடுத்த கிண்ணத்தை ஆயத்தம் செய்தால், முதற்கிண்ணத்தின் 3 நிமிடமும் பரப்பும் 70 நிமிடமும் சேர்ந்து 73 நிமிடமே.

மிச்சமாகும் 27 நிமிடத்தைவிட வேறொன்று இதில் முதன்மையானது. தனியே செய்பவர் கலக்கச் செல்லும் ஒவ்வொரு முறையும் ஈரத்துணியைக் காவலின்றி விட்டுச் செல்கிறார். செங்குத்தான பக்கங்களில் பிசின் வழிந்து திரளும், துணி நழுவும், ஓரங்கள் மேலெழும். அன்றியும், பிசின் படிந்த கையுறையோடு அளவுக்குப்பியைத் தொட்டால் குப்பியும் தராசும் பிசுபிசுத்து அளவே பிழைக்கும். பத்து முறை கையுறை மாற்றுதலும் எளிதன்று.

வேலையின் ஒழுங்கு

முதலில், தோணியைக் கவிழ்த்து நிறுத்தி மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துத் தூசு நீக்குதல் வேண்டும். கூரிய விளிம்புகளை உருட்டையாக்க வேண்டும். கண்ணாடியிழை கூர்முனையில் மடங்காது. மடக்கினால் எழும்பி நின்று அடியில் காற்றைச் சிறைப்படுத்தும். விளிம்பின் வளைவு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் ஆரமேனும் இருத்தல் நன்று. ஆணித்துளை, பள்ளம் ஆகியவற்றை, பிசினோடு மரமாவு குழைத்த பற்றால் நிரப்பிச் சமப்படுத்துக.

அடுத்து, துணியை உலர்ந்த நிலையிலேயே விரித்தல். இது முழுதும் இருவர் வேலை. முன்முனையில் ஒருவரும் பின்முனையில் ஒருவரும் நின்று, கட்டிலுக்கு விரிப்புப் போடுவதைப் போல் தோணியின்மேல் துணியைத் தாழ்த்தி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிக் கையால் நீவிவிட வேண்டும். நெசவுத் துணியாதலால் குறுக்காக மெல்ல இழுத்தால் வளைவுக்கேற்பப் படியும். எஞ்சும் மடிப்புகளைக் கத்தரித்து ஒன்றன்மேல் ஒன்று படியவிடுக. இந்நிலையில் அவசரம் எதுவும் இல்லை. பிசின் இன்னும் கலக்கப்படவில்லை.

நேரம் பார்ப்பது மூன்றாவது. மரத்துக்குள் காற்று இருக்கிறது. காலையில் தொடங்கினால் வெயில் ஏற ஏற அக்காற்று விரிந்து, ஈரப் பிசினில் குமிழிகளாக வெளிவரும். வெப்பம் தணியத் தொடங்கும் பிற்பகலில், நிழலில், மழை படாத கூரையின்கீழ்ச் செய்தால் மரம் குளிரும்போது காற்றுச் சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிறகு பரப்புதல். தோணியின் முதுகான ஏராவின் நடுவில் பிசினை ஊற்றி, ரப்பர்த் தகட்டால் இருபுறமும் கீழ்நோக்கித் தள்ளுக. பக்கங்களுக்குக் குறுமயிர் உருளை ஏற்றது. வெண்துணி பிசினில் நனைந்ததும் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்து, அடியிலுள்ள மரத்தின் வரிகள் தெரியும். உலர்ந்த துணி வெண்மையாகத் தோன்றுவது, இழைகளுக்கும் இடைக்காற்றுக்கும் ஒளிவிலகல் வேறுபடுவதால் ஒளி சிதறுவதனாலாகும். பிசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் எண்ணுக்கு மிக நெருங்கியது. காற்று நீங்கிப் பிசின் நிறைந்ததும் சிதறல் ஒழிகிறது. எனவே வெண்மை எஞ்சியுள்ள இடமெல்லாம் பிசின் போதாத இடம். பளபளத்துத் தேங்கிய இடமெல்லாம் பிசின் மிகுந்த இடம். நெசவு மெல்லெனத் தெரியுமாறு, மிகுதியைத் தகட்டால் வழித்தெடுத்தலே சரியான அளவு.

கலப்பவரும் பரப்புபவரும்

இனி இருவருடைய உறவுக்கு வருவோம். இவ்வேலையில் கணவன் பரப்புவதும் மனைவி கலந்து கொடுப்பதும் பெரும்பாலும் இயல்பாக அமைந்துவிடுகிறது. அமைந்தவுடன், பரப்புபவர் தலைவர் என்றும் கலப்பவர் எடுபிடி என்றும் ஓர் எண்ணம் புகுந்துவிடுகிறது. அவ்வெண்ணம் உண்மைக்குப் புறம்பானது, வேலைக்கும் தீங்கானது.

பரப்புபவர் செய்யும் பிழை உடனே கண்ணுக்குத் தெரியும். குமிழி தெரியும், சுருக்கம் தெரியும், ஈரமாக இருக்கும்போதே திருத்தலாம். கலப்பவர் செய்யும் பிழை அன்று எவர் கண்ணுக்கும் தெரியாது. விகிதம் தவறிய கிண்ணமும், பக்கங்களை வழித்துக் கலக்காத கிண்ணமும் நல்ல கிண்ணத்தைப் போலவே தோன்றும். மறுநாள், மற்ற இடமெல்லாம் இறுகியிருக்க ஓரிடம் மட்டும் விரலில் ஒட்டும்போதுதான் அது வெளிப்படும். அதற்கு மருந்து பூசிச் சரிசெய்ய முடியாது. அவ்விடத்துத் துணியையும் பிசினையும் மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். ஆகவே வேலையின் நம்பிக்கை முழுதும் கலப்பவர் கையில் இருக்கிறது.

இதனை உணர்ந்தவர்கள் சில ஒழுங்குகளைக் கைக்கொள்வர். கலப்பவர் ஈரத்துணியைத் தொடமாட்டார்; அவர் கைகள் தூய்மையாக இருத்தல் வேண்டும். பரப்புபவர் குப்பிகளைத் தொடமாட்டார். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கோடு தாளில் இழுக்கப்படும். கலந்த நேரம் எழுதப்படும். இரண்டு நிமிடம் முழுமையாகக் கலக்கும் வரை, "இன்னும் ஆகவில்லையா?" என்று பரப்புபவர் வினவுதல் கூடாது. கலப்பவரை அவசரப்படுத்துவதே பெரும்பாலான கெடுதிக்கு வேர். அதுபோலவே, பரப்புபவர் கேட்கும் முன்னர் அடுத்த கிண்ணத்தைக் கலந்து வைத்தலும் கூடாது. காத்திருக்கும் கிண்ணம் சூடேறும். "கிண்ணம் சுடுதுங்க, ஊத்திடுங்க" என்று மனைவி சொன்னால் அந்நொடியே கணவன் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கிண்ணத்தைக் கையில் வைத்திருப்பவர் அவரே. உண்மை அறிந்தவரும் அவரே. ஒரு கிண்ணம் கெட்டியாகத் தொடங்கிவிட்டால், "வீணாகிறதே" என்று அதனைப் பூச முயலாமல் வெளியே ஒதுக்கி வைத்துவிடும் துணிவும் இருவர்க்கும் வேண்டும்.

கலப்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. பரப்புபவர் அருகில் நின்று ஒரு சாண் இடத்தையே பார்க்கிறார். கலப்பவர் நான்கடி தள்ளி நிற்பதால் முழுத் தோணியையும் பார்க்கிறார். வெண்புள்ளி, வழிவு, எழும்பிய ஓரம் ஆகியவை அவருக்கே முதலில் தெரியும். அவற்றைச் சொல்வதும், சொன்னதைக் குறையாகக் கொள்ளாமல் திருத்துவதும் வேலையின் பகுதிகள்.

ஆசிரியப் பயிற்சியில், கருவிகளோடு வகுப்புக்குச் செல்லுமுன் ஒருமுறை வெறுமையாகச் செய்து பார்க்க வேண்டும் என்று கற்பிப்பதுண்டு. இங்கும் அது பொருந்தும். முந்திய நாளே நீரைப் பிசினாகக் கொண்டு, அளத்தல், கலத்தல், கொடுத்தல், ஊற்றல் ஆகியவற்றை ஒருமுறை நடித்துப் பார்த்தால், தட்டு எங்கே இருக்க வேண்டும், கத்தரிக்கோலை யார் வைத்திருப்பது என்னும் வினாக்கள் அப்போதே தீர்ந்துவிடும்.

உடலைக் காத்தல்

எப்பாக்சிப் பிசினும் கெட்டியாக்கியும் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். முதல் நாளே வருவதில்லை. பலமுறை பட்ட பிறகு திடீரெனத் தடிப்பும் அரிப்பும் தோன்றும். ஒருமுறை தோன்றினால் பெரும்பாலும் நீங்குவதில்லை; அதன்பின் சிறிதளவு பட்டாலும் மீண்டும் வரும். தோணி ஒன்று கட்டி முடிக்க, வாழ்நாள் முழுதும் தொடரும் ஒவ்வாமையை விலையாகக் கொடுத்தல் தகாது. ஆகவே இருவரும் நைட்ரைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிதல் வேண்டும். தோலில் பட்டதைக் கரைப்பான் கொண்டு துடைத்தலாகாது. கரைப்பான் பிசினைத் தோலுக்குள் கொண்டு செல்லும். உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. இறுகிய போர்வையைத் தேய்க்கும்போது முகமூடி இன்றியமையாதது. முழுதும் இறுகாத பிசினின் தூசும் ஒவ்வாமை தரும். கண்ணாடித் தூசு கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும்.

போர்த்திய பிறகு

முதற்பூச்சில் நெசவின் குழிகள் எஞ்சும். அவற்றை நிரப்ப மேலும் இரண்டு அல்லது மூன்று பூச்சுகள் வேண்டும். முதற்பூச்சு நழுவாத அளவு இறுகி, ஆனால் நகம் அழுத்தினால் தடம் விழும் நிலையிலேயே அடுத்ததைப் பூசினால் இரண்டும் வேதிமுறையில் ஒன்றாகும். முழுதும் இறுகிவிட்டால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பின்னரே பூசுதல் வேண்டும்.

ஈரக்காற்று மிகுந்த நம் நாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கெட்டியாக்கி காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் கூடி, மேற்பரப்பில் மெழுகு போன்ற படலத்தை உண்டாக்கும். அதனை அகற்றாமல் வண்ணம் பூசினால் வண்ணம் உரியும். உப்புத்தாளால் தேய்த்தால் படலம் பரவுமேயன்றிப் போகாது. முதலில் வெறும் நீரும் நாரும் கொண்டு கழுவித் துடைத்துவிட்டுப் பின்னரே தேய்த்தல் முறை. இறுதியாக வண்ணமோ, ஒளிதடுப்பு வார்னிசோ பூசுதல் வேண்டும். எப்பாக்சி நீரைத் தாங்கினும் சூரிய ஒளியைத் தாங்காது.

இவ்வளவும் செய்து கிடைக்கும் போர்வையின் தடிப்பு, துணி அளவில் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு அளவே. எனினும், மணலில் இழுத்தாலும் மரம் தேயாமல் காப்பதும், பிசின்படலம் எங்கும் ஒரே தடிப்பில் நிற்கச் செய்வதும் அதுவே.

சொல்லும் பாடமும்

ஆசிரியர்கள் இச்செய்திகளை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அவ்விடம் ஒளிபுகுவதாக மாறும். சமையலெண்ணெய் நிரம்பிய கிண்ணத்தில் பைரெக்சுக் கண்ணாடிக் குழாயை முழுக்கினால் அது மறைந்துபோவதைப் போலத் தோன்றும். நனைந்த துணி மறைவதன் காரணம் இவற்றால் விளங்கும். கிண்ணக் கணக்கை ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு விகிதக் கணக்காக அமைக்கலாம்.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். ஆங்கிலத்தில் இரட்டையுடல் தோணிக்கு வழங்கும் கட்டமரான் என்னும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து சென்றது. அக்கட்டுமரம் மிதந்த தமிழகக் கரைகளில் இன்று கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி; மீனவர் அதனைப் பைபர் என்றே அழைக்கின்றனர். மாணவர் பைபர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் அதனைத் தவறென்று தள்ளிவிட வேண்டியதில்லை. அச்சொல்லை ஏற்றுக்கொண்டு, அதன் அருகே கண்ணாடியிழை என்னும் சொல்லை எழுதிக் காட்டுக. கண்ணாடி எப்படி இழையாகும் என்று மாணவர் வினவுவர். பாடம் அவ்வினாவிலிருந்து தொடங்கும். கெட்டியாக்கி என்னும் சொல்லைப் பயிற்றும்போது மட்டும், அது ஏவல் செய்யும் பொருளன்று, பிசினோடு சமமாகச் சேர்ந்து தானும் போர்வையாகும் பொருள் என்பதைச் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். அவ்வேறுபாட்டை அறியாமல் அளந்தவர்களின் தோணிகளே மறுநாள் காலையில் கையில் ஒட்டுகின்றன.